கைராசி

நான் ஊசி போட்டால் வலிக்காது. இதை நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை. உப்பிலியபுரம் பக்கம் ஆடு வளர்க்கிறவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வெள்ளாட்டின் கழுத்தோரம் தோலைக் கொஞ்சம் நீவிவிட்டு, அது தழையைக் கடிக்கிற நேரம் பார்த்து ஊசியை இறக்கிவிட வேண்டும். ஆடு மெல்லுவதைக்கூட நிறுத்தாது. "வீரமலை சாருக்கு நல்ல கைராசிங்க" என்பார்கள். இன்ஸ்பெக்டர் மேடம், என் கைப்படவே எழுதித் தரச் சொன்னீர்கள். எனக்கு ஒளிக்க எதுவும் இல்லை, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

திருச்சியில் ஒரு கால்நடை ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்கு வேலை. ஆடுகளின் இரத்தத்தை எடுத்து வந்து, சினைப்பையைத் தூண்டும் ஹார்மோனுக்கு உரிய மரபணுவைப் பார்ப்போம். சில ஆடுகளுக்கு அதில் ஓரிடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கும். அப்படி மாறிய ஆடுகளுக்குச் சினை நிற்பது கடினமோ என்று எங்கள் கூடத்தில் ஒரு சந்தேகம். சந்தேகம்தான், நிரூபணம் ஆகவில்லை. இரத்தத்திலிருந்து எடுத்ததை ஜெல்லில் ஓடவிட்டால் கோடுகள் தெரியும். கோடு நிற்கும் இடத்தைப் பார்த்து எந்த வகை என்று சொல்லிவிடலாம். ஒவ்வொரு தடவையும் கடைசிக் குழாயில் மட்டும் இரத்தம் சேர்க்காமல் வெறும் தண்ணீரை விடுவோம். அதில் எந்தக் கோடும் வரக் கூடாது. வந்தால் எங்கோ அசுத்தம் கலந்துவிட்டது என்று பொருள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து செய்ய வேண்டும். சலிப்பான வேலை.

பிச்சைமுத்து என்று உப்பிலியபுரத்துக்காரர் ஒருவர். தன் ஆடுகளுக்குச் சினை நிற்கவில்லை, மணப்பாறைச் சந்தைக்கு ஓட்டிவிடப்போகிறேன் என்றார். சந்தைக்குப் போனால் கறிக்குத்தான் போகும்.

"அவசரப்படாதீங்க. கிடாயை மொதல்ல பாருங்க. கோளாறு அதுகிட்ட இருந்தா, பாவம், ஆடுங்க என்ன பண்ணும்?" என்றேன்.

அவர் கிடாயை மாற்றினார். அடுத்த பருவத்தில் எல்லாம் சினையாகிவிட்டன. எனக்கு ஒரு சேவலைக் கொண்டுவந்து கொடுத்தார். என் வேலையில் நான் கவனக்குறைவானவன் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் போகும் வழியில். என் மனைவி ஆனந்தவள்ளி. மகன் அஜித், துவாக்குடியில் ஒரு பட்டறையில் வெல்டிங் சூப்பர்வைசர். மருமகள் ரஞ்சனி, திருவெள்ளறை சின்னையாவின் பெண், தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். நல்ல பெண், மேடம். சாப்பிட்ட தட்டை நான் கழுவப் போனால் பிடுங்கிக்கொள்வாள். என் கண்ணாடியை எங்கே வைத்தேன் என்பது எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும்.

கல்யாணமாகி நாலைந்து வருடம் ஆகியும் குழந்தை இல்லை. "வீட்ல ஏதும் விசேஷம் உண்டா சார்?" பால்காரர் கேட்பார், பூக்காரம்மா கேட்பாள். காவிரியில் குளிக்கப் போனால் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு ஒருவர் கேட்பார். எனக்குக் கோபம் வரவில்லை. அலுத்துப்போனேன், அவ்வளவுதான். வீட்டில் ஆனந்தவள்ளி அழுவாள், அஜித் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவான், ரஞ்சனி அந்தத் தட்டை எடுத்துப்போவாள். வேலை முடிந்து வருகிற மனிதனுக்கு வீட்டில் கொஞ்சம் நிம்மதி வேண்டாமா?

தில்லைநகர் டாக்டரம்மா, முதலில் கணவர் பரிசோதனைக்கு வரட்டும் என்றார். அஜித் ஷிஃப்ட் இருக்கிறது என்றான். நானும் கட்டாயப்படுத்தவில்லை. ஆண்பிள்ளை அங்கெல்லாம் வரிசையில் உட்கார்ந்தால் நாலு பேர் பார்ப்பார்கள்.

அந்தச் சமயம் ரஞ்சனிக்குக் காய்ச்சல் வந்தது. டெங்குவா என்று பார்க்க நான்தான் வீட்டிலேயே இரத்தம் எடுத்தேன். கொஞ்சம் கூடுதலாக எடுத்து வைத்துக்கொண்டேன். அஜித்துக்குச் சர்க்கரை பார்க்கலாம் என்று சொல்லி அவனுக்கும் எடுத்தேன். ஆடுகளின் குழாய்களோடு அந்த இரண்டையும் சேர்த்து ஓடவிட்டேன். அது ஆட்டுக்கென்று செய்த பரிசோதனை, மனிதருக்கு ஒத்துவராது என்பது தெரியாதவன் இல்லை. ஆனாலும் அந்த மரபணுவில் ஆட்டுக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு பதில் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

பதில் கிடைத்தது. ரஞ்சனியின் குழாயில் மாறிய எழுத்துக்குரிய கோடு பளிச்சென்று இருந்தது. அன்று சாயங்காலம் ஆனந்தவள்ளியிடம், "கொறை அந்தப் பொண்ணுகிட்டதான். ஆராய்ச்சியிலயே தெரிஞ்சுபோச்சு" என்று சொன்னேன். அஜித்தும் கேட்டுக்கொண்டிருந்தான். வெகுநாள் கழித்து அவன் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். தகப்பனுக்கு அதில் ஒரு சந்தோஷம் இருக்கும்தானே?

அதன்பிறகு ஆனந்தவள்ளி, சாமி படத்துக்குப் பூப்போட ரஞ்சனியை விடவில்லை. மணப்பாறையில் வேறு ஒரு பெண் இருப்பதாகப் பேச்சு எடுத்தாள். நான்தான் தடுத்தேன். சினை நிற்கவில்லை என்பதற்காக உடனே கழித்துக்கட்டுவதை எந்தக் காலத்திலும் நான் ஆதரித்ததில்லை. முதலில் வைத்தியம் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. அந்த வீட்டில் அவளுக்காகப் பரிந்து பேசியவன் நான் ஒருவன்தான். இதையும் தயவுசெய்து பதிவு செய்துகொள்ளுங்கள்.

மந்தை முழுவதையும் ஒரே சமயத்தில் பருவத்துக்குக் கொண்டுவர நாங்கள் ஒரு ஹார்மோன் ஊசி போடுவோம். கூடத்தின் குளிர்ப்பெட்டியில் மிச்சம் இருந்தது. குப்பியின் மேல், கால்நடைகளுக்கு மட்டும் என்று சிவப்பில் அச்சடித்திருக்கும். வெந்நீரில் போட்டால் அந்தத் தாள் சுலபமாக உரிந்து வந்துவிடும்.

சத்து ஊசி என்று சொன்னேன். ரஞ்சனி ஸ்கூலுக்குக் கிளம்புகிற அவசரத்தில் கையை நீட்டினாள்.

"வலிக்கவே இல்ல மாமா. எங்க ஸ்கூல் நர்ஸ் உங்ககிட்ட கத்துக்கணும்."

மாதக்கணக்கில் போட்டேன். பலன் தெரியாதபோது அளவைக் கூட்டினேன். ஒருநாள் மட்டும் கேட்டாள். "இது எதுக்கு மாமா? போட்டதுலேர்ந்து வயிறு இறுக்கிப் பிடிக்குதே."

"உடம்புக்குத்தான்மா" என்றேன். அது பொய் என்று இப்போதும் நான் நினைக்கவில்லை.

பிறகு அவளுக்கு வயிறு தெரிய ஆரம்பித்தது. முதலில் பார்த்தவள் ஆனந்தவள்ளி. ஒன்றும் கேட்காமல் கடைக்குப் போய் மல்லிகைப்பூ வாங்கிவந்து அவள் தலையில் வைத்தாள், பாயசம் வைத்தாள். ரஞ்சனிக்கும் நம்ப ஆசையாக இருந்தது. நாள் தள்ளிப்போனது எப்போது என்றுகூட யாரும் சரியாகக் கணக்குப் பார்க்கவில்லை, கணக்கு டீச்சரே பார்க்கவில்லை. அஜித் அவளை வண்டியில் அழைத்துப்போய்க் கண்ணாடி வளையல் வாங்கிக்கொடுத்தான். பூக்காரம்மா கேட்டபோது நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.

அது குழந்தை இல்லை என்று எனக்குத் தெரியும். அளவு மீறினால் சினைப்பை வீங்கும், வயிற்றில் நீர் கோக்கும். ஆட்டில் பார்த்திருக்கிறேன். ஆனால், மேடம், அந்த நாட்களில்தான் எங்கள் வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. நீர் தானாகவே வடிந்தாலும் வடியும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அஜித் சொன்னான். அங்கே போனால் என்ன ஊசி போட்டீர்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள். "மசக்கைடா, எல்லாருக்கும் இருக்கறதுதான்" என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். அதற்கும் அடுத்த நாள் அவளால் படுக்க முடியவில்லை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தாள். ஆட்டோவில் ஏற்றினோம். காவிரிப் பாலத்தில் நெரிசல். அவள் என் கையைத்தான் பிடித்திருந்தாள். "மாமா, பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்றாள். "ஆகாதும்மா" என்றேன். பாலத்தைத் தாண்டுவதற்குள் பிடி விட்டுப்போயிற்று.

சின்னையா வந்து என் தோளில் சாய்ந்து அழுதார். "எம்மகளுக்கு உங்க வீட்ல ஒரு கொறையும் வெக்கலைங்க" என்றார். பிரேதப் பரிசோதனை அறிக்கை வரும்வரை அவர் அப்படித்தான் நினைத்திருந்தார்.

யார் சொல்லிச் செய்தீர்கள் என்று கேட்டீர்கள். யாரும் சொல்லவில்லை. ஊசி போட்டது நான், தாளை உரித்தது நான், ஆஸ்பத்திரிக்கு விடாமல் வைத்திருந்தது நான். குறை உள்ளவளுக்கு வைத்தியம் பார்க்கப்போய் இப்படி ஆகிவிட்டது என்பதுதான் என் வருத்தம்.

கடைசியாக, அந்தப் பரிசோதனையைப் பற்றி எழுதச் சொன்னீர்கள். ரஞ்சனியின் குழாயில் இருந்த கோட்டைச் சொல்லிவிட்டேன். அடுத்தது அஜித்தின் குழாய். அதிலும் அதே கோடுதான் இருந்தது. அதை வீட்டில் சொல்லவில்லை.

அதற்கும் அடுத்தது தண்ணீர்க் குழாய். அதிலும் அதே கோடு இருந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி செய்திருக்க வேண்டும். அன்று எனக்கு ரொம்ப அசதியாக இருந்தது, மேடம்.