ஆஸ்லாக் வென்ற நாள்கள்

— நான் ஒண்டும் அழேல்லை. நீ றோட்டைப் பாத்து ஓட்டு, ராகவி.

— அழுகிறியள் எண்டு ஆர் அப்பா சொன்னது? ஹீட்டரைக் குறைக்கவோ எண்டுதான் கேட்டனான்.

— விடு பிள்ளை, அவரோடை கதையாதை. சேர்ச்சுக்குள்ளை இருந்தே மனுசன் மூஞ்சையைத் தூக்கி வைச்சுக்கொண்டுதான் இருந்தது.

— வேறை என்னெண்டு வைச்சிருக்கிறது, உதயா? நீரே சொல்லும். போன கிழமை பெரித் ஃபோன் எடுத்து, ‘சான், ஆஸ்லாக் வெண்ட ரேசுகளைப் பற்றி நீதான் கதைக்கவேணும், உன்னைப்போலை ஒருத்தனும் அதுகளைப் பாத்ததில்லை’ எண்டு சொன்னவவோ இல்லையோ?

— சொன்னவ. நானும் பக்கத்திலைதான் நிண்டனான்.

— புருசன் ஆஸ்லாக் செத்து ரெண்டு நாளிலை, அழுதழுது சொன்னவ. நான் ஒரு கிழமையாய்ப் பஸ் கழுவேக்குள்ளையும் அதைத்தான் பாடமாக்கினனான், கண்டியோ. கோட்டுப் போட்டு, டை கட்டி, முன்வாங்கிலை போய்க் குந்தினன். பாதிரியார் கதைச்சார். ஒரு பெட்டை வயலின் வாசிச்சாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மண்ணும் போட்டாச்சு. என்ரை பேரை ஆரும் கூப்பிட்டவையோ?

— இல்லை அப்பா, அது...

— கூப்பிடேல்லை. பாத்திருப்பினம். உவன் நொஷ்க் பாசையிலை தடக்குப்படுவான், கறுவல், சனம் சிரிக்கும், விட்டிடுவம் எண்டு.

— அப்பா! பெரித் அப்பிடி நினைக்கிற ஆளோ?

— பெரித் நினையாட்டி வேறை ஆரும் நினைச்சிருப்பினம். எனக்கு வெக்கமாய்க் கிடக்கு பிள்ளை. புருசெத்திலை இருக்கிற எங்கடை சனம் முழுக்கச் சொல்லிப்போட்டன். சிவகுரு நாளைக்குக் கடையிலை கண்ட உடனை, ‘என்ன சண்முகலிங்கம், பேச்சு எப்பிடி?’ எண்டுதான் கேப்பான். அவனுக்கு என்ன மறுமொழி சொல்லுறது?

— அதாலைதான் நான் சொன்னனான், வெளிக்கிடுவம் எண்டு. பேச்சும் இல்லை, பிறகு என்னத்துக்கு நிக்கிறது? அந்த மண்டபத்துக்குள்ளை எட்டிப் பாத்தா பாணும் கேக்கும் கோப்பியும் அடுக்கி வைச்சிருக்கினம். பெட்டி இப்பதான் குழிக்குள்ளை இறங்கினது. வீட்டை போய்த் தலைமுழுகித் தோயாமல் என்னெண்டு வாயிலை ஒண்டை வைக்கிறது? முருகா!

— ஒருத்தருக்கும் சொல்லாமல் வந்திட்டமே அம்மா.

— செத்தவீட்டிலை போட்டு வாறம் எண்டு சொல்லுறதோடி? நல்லாத்தான் கேட்டாய். இஞ்சை நோர்வேயிலை பிறந்தனி, உனக்கு ஒண்டும் தெரியாது. நீ சால்வையை எடுத்துக்கொண்டு வாறன் எண்டு போய் அங்கை மினைக்கெட்டாய். நாங்கள் ரெண்டு பேரும் காருக்குள்ளை விறைச்சுப் போனம்.

— பெரித்தைக் கண்டனான். கதைச்சுக்கொண்டு நிண்டனான்.

— என்னவாம்?

— பிறகு சொல்லுறன் அம்மா. அப்பா, நீங்கள் என்ன சொல்ல இருந்தனீங்கள்? எனக்குச் சொல்லுங்கோவன்.

— உனக்கு என்னத்துக்கு? நீ ரெண்டு தரம் வந்திட்டு, தூசி, சத்தம், மாட்டன் எண்டு நிண்டனி.

— இப்ப கேக்கிறன் எல்லே. முதல் ரேசிலை இருந்து சொல்லுங்கோ.

— முதல் ரேஸ்... அது ரெண்டாயிரமாம் ஆண்டு, கோடைக்கை. அவன் எங்கடை டிப்போவிலை மெக்கானிக். ஆறடி உயரம், வாயைத் திறந்தா ஒரு சொல்லு, ரெண்டு சொல்லு. ஒருநாள் வந்து, ‘சான், ஞாயிற்றுக்கிழமை வா, நான் கார் ஓடுறன்’ எண்டான். நானும் ரிவியிலை காட்டுற மாதிரிப் பளபளப்பாய் இருக்கும் எண்டு போனா, சரளைக்கல்லுப் பாதை. ஓடுறது முழுக்க இரும்புக்குப் போடவேண்டிய பழங்காருகள். ஒண்டை ஒண்டு இடிச்சு, தள்ளி, கண்ணாடி இல்லாமல், கதவு இல்லாமல்...

— உவர் அங்கை போய்த் தேசிக்காய் வைச்ச கதையைக் கேள் பிள்ளை.

— வைச்சனான்தான். நாப்பத்தோராம் நம்பர் வொல்வோ. ஊரிலை புதுக்காருக்கு வைக்கிறமாதிரி நாலு ரயறுக்கும் கீழை நாலு தேசிக்காய். கொடி பிடிக்கிறவன் ஓடிவந்து, பாதையிலை என்ன போடுறாய் எண்டு கத்தினான். ஆஸ்லாக் யன்னலுக்காலை தலையை நீட்டி, ‘விடு, அவன் போட்டா ஏதோ காரியமாய்த்தான் போடுவான்’ எண்டான். நசிச்சுக்கொண்டு போனான் பார்! ஆறாவதாய்த் துவங்கினவன், கடைசி வளைவிலை தூசியோடை தூசியாய் உள்ளாலை விட்டு, ஒரு கதவைப் பறி குடுத்துப்போட்டு முதலாவதாய் வந்தான். எனக்குத் தொண்டை கட்டிப் போச்சு, கத்திக் கத்தி.

— பிறகு என்ரை ரோல்ஸ்.

— அதுக்குத்தான் வாறன். மற்றவங்கள் வெண்டா பியரை உடைச்சு ஊத்துவாங்கள். இவன் காரின்ரை மூக்கிலை ஏறிக் குந்தி, உங்கடை அம்மாவின்ரை மட்டன் ரோல்ஸிலை ஒண்டை எடுத்துக் கடிச்சான். கடிச்சவன் அப்பிடியே நிண்டிட்டான். கண்ணெல்லாம் கலங்கி, பொலபொலவெண்டு வடியுது. அப்பேர்ப்பட்ட மனுசன், அவ்வளவு சனத்துக்கு முன்னாலை! வெண்ட சந்தோசத்திலை அழுகிறான். பிறகு ஒரு போத்தல் பாலை எடுத்து மடமடவெண்டு குடிச்சான். வெண்டும் குடியாமல் பால் குடிக்கிற சாம்பியனை நீ எங்கையாவது கண்டிருக்கிறியோ?

— நீங்களும் அழுதனீங்களாம். அம்மா சொன்னவ.

— ஏன் உதயா அதையெல்லாம் பிள்ளைக்குச் சொன்னனீர்?

— சொன்னா என்ன? ராகவி, உங்கடை சித்தப்பான்ரை செய்தி வந்து அப்ப மூண்டு மாசம். ஊரிலை ஷெல் விழுந்ததிலை கிடைச்சதைப் பொறுக்கி எடுத்து அங்கையே எரிச்சுப்போட்டினம் எண்டுதான் சொன்னவை. இவர் போகவும் ஏலாது, கொள்ளி வைக்கவும் ஏலாது. ஃபோனை வைச்சவர், அடுத்த நாள் வேலைக்குப் போட்டார். ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லை. எனக்குப் பயமாய்க் கிடந்தது பிள்ளை, உந்த மனுசனுக்கு உள்ளுக்குள்ளை ஏதோ பழுதாப் போச்செண்டு. அண்டைக்கு அந்தத் தூசிக்குள்ளை நிண்டு, ‘தம்பி, தம்பி’ எண்டு குளறினார். நான் என்ரை காதாலை கேட்டனான்.

— வெக்கக்கேடு. ஆயிரம் சனம் பாத்துக்கொண்டு நிக்குது. ஆனா அவனும் அழுதுகொண்டு நிண்டான் எல்லே, அதாலை எனக்குப் பெரிசாய்த் தெரியேல்லை. ஆர் செத்தது எண்டு கேட்டான். எனக்குத் தெரிஞ்ச நொஷ்க்கிலை, தம்பி எண்டு சொன்னனான். தோளிலை கையைப் போட்டுக்கொண்டு நிண்டான். கையெல்லாம் கிறீஸ். அண்டைக்கு நான் போட்டிருந்த சேட்டை இன்னும் எறியேல்லை.

— அதுக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அப்பிடித்தானோ?

— ஒவ்வொரு முறையும். வெல்லுவான், ரோல்ஸ் கடிப்பான், அழுவான். அவனைப் பாக்க எனக்கும் வரும். எங்களோடை ரேஸ் பாக்க வாற குலேந்திரனாக்கள் வானுக்குள்ளை ஏறேக்குள்ளையே கேப்பாங்கள், ‘என்னப்பா, இண்டைக்கும் ரெண்டு பேரும் அழுவியளோ?’ எண்டு. ஒரே ஒருக்கால்தான் அழேல்லை.

— எப்ப?

— மழைக்குள்ளை வெண்டானே, அண்டைக்கு. உண்மையாய்ச் சொன்னா அதுதான் அவன் வெண்டதிலை பெரிய வெற்றி. ஆனா காரிலை குந்திச் சிரிச்சுச் சிரிச்சு நாலு ரோல்ஸ் சாப்பிட்டான். கண்ணிலை ஒண்டும் இல்லை. எனக்கும் வரேல்லை. கல்லுமாதிரி நிண்டன்.

— எனக்கு நல்ல ஞாபகம். உங்கடை அப்பாவுக்கு வயித்திலை புண் எண்டு டொக்டர் சொன்ன நேரம். அதாலை நான் மிளகாயே போடாமல் செய்து குடுத்தனான். வீட்டை வந்து இவர் ரெண்டு நாள் ஒருத்தரோடையும் கதைக்கேல்லை.

— அதைவிடு. அடுத்த கிழமை அவன் டிப்போவிலை என்னட்டை வந்து, ‘சான், எனக்கு அந்த உறைப்பு ரோல்ஸ்தான் வேணும், உன்ரை மனுசிக்குச் சொல்லு’ எண்டான். பாத்தியே? ஒரு நொஷ்க்காரன்! எங்கடை உறைப்பிலை அவ்வளவு ஆசை.

— கடைசி ரேஸ்?

— போன வருசம். வருத்தம் முத்தி ஆள் பாதியாய்ப் போட்டான். ஓடாதை எண்டு எல்லாரும் சொன்னவை. ஓடி வெண்டான். தலைக்கவசத்தைக் கழட்ட அவனாலை ஏலேல்லை, நான்தான் கழட்டிவிட்டனான். பாதி ரோல்ஸ்தான் இறங்கினது. அதுக்கும் கண்ணீர் வந்தது. நானும் நல்லா அழுதன். அப்ப என்னைப் பாத்து, ‘போதுமோ சான்?’ எண்டு கேட்டான். வெண்டது போதுமோ எண்டு கேக்கிறான் எண்டு நினைச்சு, போதும் போதும் எண்டனான்... ராகவி, இது என்ன? இந்தப் பெற்றோல் ஷெட்டை முதலே தாண்டினம் எல்லே?

— தாண்டினம். அந்த வட்டச்சந்தியிலை நான் காரைத் திருப்பிப்போட்டன்.

— ஏனடி? எங்கை போறாய்?

— மண்டபத்துக்கு. அதாவது அப்பா, இஞ்சத்தே ஆக்கள் சேர்ச்சிலை பேசுறேல்லை. அங்கை பாதிரியார் மட்டும்தான். மற்றவை பேசுறது பிறகு, மண்டபத்திலை, கோப்பி குடிக்கேக்குள்ளை. ஒவ்வொருத்தராய் எழும்பித் தங்கடை ஞாபகத்தைச் சொல்லுவினம். அதுக்குத்தான் அந்த மேசையெல்லாம்.

— அப்ப என்னை...

— கூப்பிட்டவை. நான் சால்வையை எடுத்துக்கொண்டு மண்டபத்து வாசலிலை நிக்கேக்குள்ளை பெரித் எழும்பி, முதலாவதாய் உங்கடை பேரைத்தான் சொன்னவ. எல்லாரும் திரும்பிப் பாத்தவை. முன்மேசையிலை மூண்டு கதிரையும் வெறுமையாய்க் கிடந்தது.

— முருகா!

— பெரித் என்னட்டை வந்து கையைப் பிடிச்சுக்கொண்டு, ‘நான் என்ன பிழை விட்டனான்? ஏன் ஒரு சொல்லும் சொல்லாமல், ஒரு வாய் கோப்பியும் குடியாமல் போட்டினம்?’ எண்டு கேட்டவ அம்மா. எனக்கு நிலம் பிளந்து உள்ளை போனாப் போதும் எண்டு இருந்தது.

— நாங்கள் மரியாதைக்கெல்லே பிள்ளை அப்பிடிச் செய்தனாங்கள்!

— எனக்கு விளங்குது அம்மா. அவவுக்கு விளங்குமோ? எங்கடை கதிரைக்கு முன்னாலை மட்டும் மிளகாய்ச் சோஸ் போத்தல் ஒண்டு வைச்சிருந்தவ. தங்கடை சாப்பாடு உங்களுக்குச் சப்பெண்டு இருக்கும் எண்டு.

— ஐயோ. நானெல்லே இவரின்ரை கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்தனான். நானெல்லே.

— நீர் என்ன செய்வீர்? நான் சொன்னதுகளைப் பாரும். கறுவல் எண்டு நினைச்சு விட்டிட்டினம் எண்டு இந்த வாயாலைதானே சொன்னன். அவள் பாவம், புருசனைப் புதைச்ச கையோடை எழும்பி நிண்டு என்னைக் கூப்பிட்டிருக்கிறாள்... வெக்கங்கெட்டவன் நான். ராகவி, அதை ஏன் உடனை சொல்லேல்லை?

— நீங்கள் கோவத்திலை நிண்டனீங்கள். அதோடை, பெரித் இன்னுமொண்டு சொன்னவ. அதை உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறது எண்டு தெரியாமல்தான் இவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு வந்தனான்.

— அது கிடக்கட்டும். இன்னும் ஆக்கள் இருப்பினமோ?

— இருப்பினம். நாங்கள் வருவம் எண்டு சொல்லிப்போட்டுத்தான் வெளிக்கிட்டனான்.

— உதயா, தோயாமல்...

— இண்டைக்கு ஒரு நாள் தோய்ச்சல் பாக்கேலாது. கோப்பியும் குடிப்பன், கேக்கும் தின்பன். முருகன் கோவிச்சா நான் பாத்துக்கொள்ளுறன். நீங்கள் டையை நேராக்குங்கோ.

— நான் எழும்பி முதல் சொல்லாய் அந்த அழுகையைத்தான் சொல்லப்போறன், கண்டியோ. ‘ஆஸ்லாக் வாயாலை பேசாத மனுசன். ஆனா வெண்ட சந்தோசத்தை ஒளிக்கத் தெரியாதவன். ரோல்ஸைக் கையிலை வைச்சுக்கொண்டு குழந்தைப்பிள்ளை மாதிரி அழுவான்’ எண்டு.

— அப்பா, அதை மட்டும் சொல்லாதேங்கோ.

— ஏன்? அதுதானே என்ரை பேச்சே!

— அது சந்தோசத்திலை வந்த அழுகை இல்லை. அவருக்கு உறைப்புக் கொஞ்சமும் ஒத்துக்கொள்ளாது. மிளகுத்தூள் பட்டாலே கண்ணாலையும் மூக்காலையும் வடியுமாம். அந்தப் பால் அதுக்குத்தான். டிப்போவிலை உங்கடை சாப்பாட்டை முதலே ஒருக்கால் ருசிச்சுப் பட்டவராம்; அதாலை உங்களைக் கூப்பிட்ட நாளிலை எல்லாம் பெரித்தான் காருக்குள்ளை பால் போத்தலை வைச்சு அனுப்புறவவாம்.

— சும்மா இரு பிள்ளை.

— உண்மை அப்பா. அங்கை இருக்கிற எல்லாருக்கும் அது தெரியும்.

— எல்லாருக்குமோ? அப்ப இவ்வளவு வருசமும் என்னைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டே நிண்டவை?

— ஒருத்தரும் சிரிக்கேல்லை. சிரிக்க ஏலாது.

— இல்லை, இது பொய். உறைப்பாய் வேணும் எண்டு வாயாலை கேட்டவன் அவன். மழை ரேசுக்குப் பிறகு, என்ரை முகத்தைப் பாத்துக் கேட்டவன். உறைப்பு ஒத்துக்கொள்ளாதவன் ஏன் கேக்கிறான்?

— அதைத்தான் அப்பா பெரித் எனக்குச் சொன்னவ. அண்டைக்கு மழையிலை நனைஞ்சு வீட்டை போனவர், வெண்ட கப்பை மேசையிலை வைச்சுப்போட்டுச் சாப்பிடாமல் இருந்தவராம். வெண்டிட்டு ஏன் இப்பிடி இருக்கிறாய் எண்டு கேட்டதுக்குச் சொன்னவராம்: ‘இண்டைக்கு எனக்குக் கண்ணீர் வரேல்லை, பெரித். அதாலை சானுக்குத் தன்ரை தம்பிக்காக அழ ஏலாமல் போச்சு.’