பரமலிங்கத்தாரின் சிங்களம்

பரமலிங்கம்: சத்தம் போடாதேங்கோ, டிவியிலை சிங்கள நாடகம் போகுது... இப்ப மருமகள் சொல்லுறாள், "மாமி, உங்கட கறியிலை உப்புக் கூடிப்போச்சு. எனக்குப் பொய் சொல்லத் தெரியாது" எண்டு.

நேசமலர்: இவ்வளவையுமோ? அவள் ஒருக்கா வாயைத் திறந்து மூடினவள், அவ்வளவுதானே.

பரமலிங்கம்: சிங்களம் சுருக்கமான பாஷையப்பா. கொழும்பிலை பன்னிரண்டு வருசம் இருந்தவனுக்குத்தான் விளங்கும்.

ராக்காயி: மாமியார் சிரிக்குதுங்களே ஐயா?

பரமலிங்கம்: அது... உண்மையைக் கேட்ட சந்தோசம், ராக்காயி. இதுதான் இண்டைக்கு நாடகத்தின்ரை படிப்பினை. குடும்பத்துக்குள்ளை சின்னப் பொய்கூட இருக்கக் கூடாது.

நேசமலர்: என்னை ஏன் பாக்கிறியள்?

பரமலிங்கம்: பொதுவாச் சொன்னனான்.

நேசமலர்: படம் சுருங்குது. கார் பட்டரி இறங்கிப்போச்சு, டிவியை நிப்பாட்டுங்கோ.

ராக்காயி: ஐயா... ஒரு உதவிங்க. மகனோட அடையாள அட்டைக்காக நாளைக்கு வவுனியாக் கந்தோருக்குப் போறோம். மூணு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க. அங்க பெரியவருக்குச் சிங்களம் மட்டுந்தான். நீங்க கூட வந்தீங்கன்னா...

பரமலிங்கம்: நாளைக்கோ? நாளைக்கு... எனக்கு முழங்கால்...

நேசமலர்: காலமை குளக்கட்டு முழுக்க நடந்தியள்!

பரமலிங்கம்: நீ சும்மா இரு.

ராக்காயி: அட்டை இல்லாம பய றோட்டுல இறங்க முடியலைங்க. போன கிழமையும் ஆமி சென்றியில மறிச்சு வச்சு, சாயந்தரந்தான் விட்டாங்க.

நேசமலர்: என்னப்பா, இப்பிடி வேர்க்குது?

பரமலிங்கம்: ராக்காயி... பெடியன்ரை விசயத்திலை விளையாடக் கூடாது. எனக்கு... சிங்களம் தெரியாது. நான் வேலை செய்தது வெள்ளவத்தையிலை, எங்கட தமிழ் ஆக்களின்ரை கடையிலை. மூண்டு மாசமா நான் சொன்னதெல்லாம்... என்ரை சொந்தக் கதை.

நேசமலர்: அட கடவுளே! கலியாணம் பேசேக்கையும் சிங்களம் தெரிஞ்ச மாப்பிளை எண்டுதானே சொன்னவை!

ராக்காயி: எனக்குத் தெரியுங்க ஐயா.

பரமலிங்கம்: என்ன... என்னெண்டு?

ராக்காயி: நான் மாத்தளைத் தோட்டத்துல பொறந்தவ. சண்டை போடுறதே சிங்களத்துலதான். மருமக "கறி அமிர்தம் மாதிரி இருக்கு"ன்னு புளுகினா, மாமியார் நம்பிச் சிரிச்சுச்சு. ஆனா உங்க கதையும் நல்லாத்தான் இருந்துச்சுங்க.

நேசமலர்: பிறகேன் இவரைக் கூப்பிடுறாய்?

ராக்காயி: கந்தோர்ல நான் பேசினா நிமிந்தே பாக்க மாட்டேங்குறாங்க அக்கா. ஐயா வேட்டி கட்டி, கண்ணாடி போட்டு, எல்லாம் விளங்கின மாதிரித் தலையாட்டிக்கிட்டுக் கதிரையில இருக்கட்டும். பேச்ச நான் பாத்துக்கிறேன்.