முக்கால் படகு

"ஏட்டி, முக்கால் படகு தண்ணியில மிதக்குமா?"

விக்கிரமசிங்கபுரத்திலிருந்து வந்த பஸ்ஸில், முன்சீட்டில் இருந்தவர் மனைவியிடம் இப்படிக் கேட்டதும் என் தூக்கம் கலைந்துவிட்டது. அந்தப் பெண் அரசு வேலைக்கான பரீட்சை எழுதப் போய்க்கொண்டிருந்தாள். கையிலிருந்த மாதிரி வினாத்தாளைக் காட்டி அவரிடம் கேட்டாள்.

"முப்பது பேரு ஒரே தடவையில ஆத்தைக் கடக்கணும். ஒரு படகுல எட்டுப் பேருதான் ஏறலாம். வகுத்தா மூணே முக்கால்தான வருது?"

"படகு முழுசாத்தான இருக்கும்?"

"அப்ப மூணுன்னு போடட்டுமா?"

"மூணுன்னா ஆறு பேரு கரையிலயே நிக்கணுமே."

அவள் வினாத்தாளை மடித்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"அந்த ஆறு பேருல ஒருத்தி நான்தான். அடுத்த வருஷம் வயசு தாண்டிரும்."

"நாலுன்னு போடு. கடைசிப் படகுல ரெண்டு இடம் சும்மா கெடந்துட்டுப் போவுது."

"நாலு," என்று தனக்குள் இரண்டு முறை சொல்லிக்கொண்டாள்.

வண்ணார்பேட்டையில் இருவரும் இறங்கினார்கள். பரீட்சை நடக்கும் பள்ளிக்கூடம் எதிரிலேயே இருந்தது. ஜன்னலுக்குக் கீழே அவள் குரல் கேட்டது.

"நான் வெளிய வாரப்போ இங்கனயே நிப்பியளா?"

"நிக்கேன். நீ பைய எழுதிட்டு வா."