புரட்டிப் படுக்கவைத்ததாக நான் போட்ட கையெழுத்துகள்

என் பெயரும் வீட்டு முகவரியும் முதல் தாளில் தனியாகப் பதியப்பட்டுள்ளன. வயது நாற்பத்து நான்கு. எலும்பு முறிவு வார்டில் பதினாறு வருடமாக நர்ஸாக வேலை பார்க்கிறேன். கணவரும் கல்லூரியில் படிக்கும் ஒரு மகளும் இருக்கிறார்கள். இன்று காலை யாரும் அழைக்காமல் நானாகவே போலீஸ் நிலையத்துக்கு வந்து ஆய்வாளரிடம் சொன்னது பின்வருமாறு.

எங்கள் வார்டில் இருபத்தெட்டுக் கட்டில்கள். அப்போது இருந்தவர்களில் பதினொரு பேர் தாங்களாகப் புரள முடியாதவர்கள். அவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். இடுப்பு முறிந்தவரை ஒரே ஆள் புரட்ட முடியாது. ஒருவர் தோளையும் இடுப்பையும், இன்னொருவர் கால்களையும் பிடித்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்து, உடம்பு முறுக்கிக்கொள்ளாமல் சேர்ந்தாற்போல் திருப்ப வேண்டும். பகலில் நானும் வார்டு ஆயாவும்தான் இருப்போம். பத்து மணிக்கு மேல் ஆயாவையும் ஆபரேஷன் தியேட்டருக்கு ஸ்ட்ரெச்சர் தள்ள அனுப்பிவிடுவார்கள்.

இந்த வழக்கில் இறந்துபோனவர் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர், வயது ஐம்பத்தெட்டு. சாரம் சரிந்து விழுந்ததில் இடுப்பெலும்பும் வலது தொடையும் முறிந்து, அறுவை முடிந்து, ஆறு வாரம் எழுந்திருக்கக் கூடாது என்ற நிலையில் எங்கள் வார்டுக்கு வந்தார். முதல் வாரத்தில், எங்களால் முடிந்தபோதெல்லாம் நானும் ஆயாவும் அவரைப் புரட்டினோம். "ஒரு பக்கமே வெயில் பட்டா சுவர் உரிஞ்சிடும் சிஸ்டர், என்னையும் கொஞ்சம் திருப்பி விடுங்க" என்று தமாஷாகக் கேட்பார்.

அதன் பிறகு, வெளியிலிருந்து ஆய்வுக்குழு வரப்போகிறது என்று, நர்ஸ்களுக்குத் தலைவியான மேட்ரன் என்னைக் கூப்பிட்டு, பக்கம் மாற்றும் சார்ட்டில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது என்றார். ஆள் போதவில்லை என்று சொன்னேன். "வர்றவங்க முதுகையா பார்க்கப் போறாங்க? சார்ட்டைத்தான் பார்ப்பாங்க" என்றார். அன்றிலிருந்து காலையில் வந்ததும் மதியம் வரைக்குமான கட்டங்களில் மொத்தமாக டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டுவிடுவேன். அதற்கு ஆறு நிமிடம் ஆகும். பதினொரு பேரை ஒரு முறை புரட்ட ஒன்றரை மணி நேரம் ஆகும்.

ஒன்பதாம் நாள் நான் டிக் அடிப்பதை அவர் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். "போடுங்க சிஸ்டர், காகிதத்துலயாவது நான் புரண்டு படுத்துக்கிறேன்" என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி சிரிக்கவில்லை. தானும் ஒரு கை பிடிக்கட்டுமா என்று அந்த அம்மா கேட்டதற்கு, முறிந்த இடம் விலகிவிடும், தொடாதீர்கள் என்று தடுத்தேன்.

அதன் பிறகு பன்னிரண்டாம் நாள், ஏதோ வாடை வருகிறது என்று அவர் மனைவி சொன்னார். ஆயாவை வரவழைத்துத் திருப்பிப் பார்த்தபோது, இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அளவுக்குப் புண், நடுவில் கறுத்திருந்தது. டாக்டரிடம் சொன்னேன்; கறுத்த சதையை வெட்டிச் சுத்தம் செய்தார்கள். வார்டுக்கு ஒரே ஒரு காற்று மெத்தைதான் உண்டு. அது தனி அறையில், நடக்கக்கூடிய ஒருவருக்குப் போடப்பட்டிருந்தது. கேட்டேன், தரவில்லை. அதன் பிறகு காய்ச்சல் கண்டு, ரத்தத்தில் கிருமி பரவி, பத்தொன்பதாம் நாள் காலை எட்டு நாற்பதுக்கு இறந்துவிட்டார்.

அப்போது அவருடைய சார்ட்டில் பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் அவரைப் பக்கம் மாற்றியதாக என் கையெழுத்து இருந்தது.

அந்தத் தாளைக் கிழித்துப் போடும்படியும் புதிதாக எழுதித் தரும்படியும் மேட்ரன் என்னிடம் சொன்னார். எழுதினேன். அந்தப் பத்தொன்பது நாளில் புண்ணுக்குக் காரணம் காட்டப் பன்னிரண்டு கட்டங்களைக் காலியாக விட்டு, எதிரே 'ஆயா வரவில்லை' என்று எழுதச் சொன்னார். அதையும் எழுதினேன். பழைய தாளைக் கிழிக்காமல் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அதை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

உடலை எடுத்துப் போகும்போது அவர் மனைவி என்னிடம், "தினமும் நீங்கதானே கையெழுத்து போட்டீங்க? இந்தப் புண்ணு எந்தப் பக்கம் படுத்ததுல வந்துச்சு, சொல்லுங்க" என்று கேட்டார்.

அதன் பிறகு அந்த அம்மா புகார் கொடுத்ததில், நான் எழுதிக் கொடுத்த தாளை வைத்து ஆயாவை வேலையை விட்டு நீக்கினார்கள்; ஆயா மீது வழக்கும் பதிவானது. ஆய்வில் எங்கள் வார்டுக்கு முதலிடம் கிடைத்து, அதற்காக எங்களை நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள். நானும் நின்றேன். ஆயா தன் அலமாரியைக் காலி செய்ய வந்தபோது, "அந்த சார்ட்டை நான் கையால தொட்டதுகூட இல்லையே சிஸ்டர், நீங்க ஒரு வார்த்தை சொன்னா நம்புவாங்கல்ல?" என்று கேட்டார். பார்க்கலாம் என்று சொன்னேன். சொல்லிப் பதினொரு நாள் ஆகிறது. நேற்று அவரைக் கைது செய்ததாகக் கேள்விப்பட்டு வந்தேன். கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் ஓடி வந்தவர் அவர் ஒருவர்தான்.

இதைத் தட்டச்சு செய்து எனக்கு வாசித்துக் காட்டினார்கள். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நான் சொன்னபடியே உள்ளது. கடைசியில் 'கவனக்குறைவால்' நேர்ந்தது என்று இருந்த சொல்லை மட்டும் அடிக்கச் சொல்லி, 'தெரிந்தே' என்று என் கையாலேயே எழுதி, அதன் பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)