மழை வெளுக்காத மண்

எழுப்ப வேண்டாங்க, அப்படியே ஜன்னல்ல சாஞ்சு கிடக்கட்டும். வெயில் மூஞ்சில அடிச்சாலும் அவருக்கு உறைக்காது, வெயில்லயே வெந்தவர்தான். உடம்புக்கா? உடம்புக்கு ஒண்ணும் இல்லை. நேத்து ஒரு கூட்டம், அதுல அசந்துட்டார். நானும்தான். ஆனா ரெண்டு பேரும் தூங்கிட்டா இறங்கற ஸ்டேஷனைக் கோட்டை விட்டுடுவோமே.

வீட்டுக்காரர்தாங்க. மண்ணு ஆராய்ச்சி. இல்ல இல்ல, உரம் போடற மண்ணு இல்ல, எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க. பக்கத்து வீட்டுக்காரர் ஒருதடவை ரோஜாச் செடி வாடுதுன்னு தொட்டியோட தூக்கிட்டு வந்தார், இவர் திருதிருன்னு முழிச்சார். இவரோடது வேற. மனுஷன் பொறக்கறதுக்கு ரொம்ப ரொம்ப முன்னாடி மண்ணா இருந்து, மேல மேல மூடி, அமுங்கிக் கல்லாவே போயிட்ட மண்ணு. மலைச்சரிவு உடைஞ்ச இடத்துல பட்டை பட்டையாத் தெரியும். கல்யாணமான புதுசுல அதுல ஒரு துண்டைப் பேத்து நாக்குல வச்சார். ஒட்டுதா, நரநரங்குதான்னு பாக்கணுமாம். என் குழம்பைக் கூட மனுஷன் அவ்வளவு நிதானமா ருசி பாத்ததில்ல.

நானா? பல் டாக்டர்கிட்ட, வரவங்களுக்கு நேரம் குறிச்சுக் குடுக்கற வேலை. லீவு கிடைச்சா இவர் பின்னால போவேன். சரிவு எவ்வளவு உயரம்னு படத்துல தெரியணும்னு என்னை ஓரமா நிக்க வைப்பார். அவர் எழுதின கட்டுரையில எல்லாம் நான் இருக்கேங்க. முதுகு மட்டும்.

அதை வச்சு என்ன பண்ணாரா? சொல்றேன், சிரிக்கக் கூடாது. செவ்வாய் கிரகத்துல மழை பெஞ்சுதான்னு பாத்தார். பாருங்க, சிரிக்கறீங்க. பரவாயில்ல, நானும் முதல்ல சிரிச்சேன். மழைத் தண்ணி மண்ணுக்குள்ள இறங்க இறங்க, மேல இருக்கற இரும்பை எல்லாம் கரைச்சு இழுத்துட்டுப் போயிடுமாம். அதனால மேல வெளுத்துடும், அடியில செவப்பு, அதுக்கும் அடியில பச்சை பாஞ்ச களிமண்ணு. இவர் சரிவு அப்படித்தான் இருந்துச்சு. செவ்வாயைச் சுத்திட்டிருக்கற கருவி அனுப்பின படத்துல ஒரு மேடு, அச்சு அசலா அதே வரிசை. இங்க மழை பெஞ்சு இப்படி ஆச்சுன்னா அங்கயும் பெஞ்சிருக்கணும்தானே. என்னமோ ரெண்டு தூறல் இல்லை, யுகம் யுகமாக் கொட்டின மழை. மழை கொட்டின இடத்துல ஏதாச்சும் உயிர் இருந்திருக்கலாம். அங்க ஒரு வண்டியை இறக்கித் தோண்டிப் பாக்கணும். அவர் வாழ்க்கையே அவ்வளவுதாங்க.

வண்டி ஒண்ணுதானே இருக்கு. எங்க இறக்கறதுன்னு முடிவு பண்ணத்தான் நேத்துக் கூட்டம். கடைசி வரைக்கும் நின்னது இவர் மேடும் வேற ஒரு பள்ளமும்.

இதுல ஒரு பொண்ணு. அவளும் இதே படிப்புதான். இவரோட சரிவுக்கே போய் வேலை பாத்திருக்கா. இவர் பாத்தது எல்லாம் சரிவோட முகத்தை. அவ பக்கவாட்டுல உள்ள வெட்டிட்டே போயிருக்கா. பாத்தா, கல்லுல விரிசல் எங்கெல்லாம் ஓடுதோ அங்கெல்லாம் அந்த வெள்ளை அடியில இருக்கற பச்சை வரைக்கும் இறங்கியிருக்கு. மழையில வெளுத்திருந்தா மேலேர்ந்து கீழ போகப் போக வெளுப்பு கொஞ்சம் கொஞ்சமாத்தானே குறையணும்? அப்ப இது மழை பண்ண வேலை இல்லை. மண்ணு புதைஞ்சு கல்லானதுக்கு அப்புறம், அடியிலேர்ந்து சுடுதண்ணி விரிசல் வழியா ஏறி வந்து வெளுத்து விட்டிருக்கு. இங்கயே அப்படின்னா, அங்க மட்டும் வெள்ளையைப் பாத்து மழைன்னு எப்படி அடிச்சுச் சொல்றது?

முதல்ல எனக்குத்தான் போன் பண்ணா, என்ன செய்யட்டும்னு. பாத்ததைச் சொல்லாம இருந்தா உனக்குத் தூக்கம் வருமான்னேன். வராதுன்னா. அப்ப என்னை எதுக்குக் கேக்கறேன்னேன். அப்புறம் இவர்கிட்டயே பேசினா, எதிரா ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கேன், முன்னாடியே காட்டட்டுமான்னு. வேண்டாம்னுட்டார். இப்ப காட்டினா நான் பேசிப் பேசி உன்னை வளைச்சிடுவேன், அங்க வந்து எல்லார் முன்னாடியும் சொல்லு, நானும் உக்காந்து கேக்கறேன்னார். போனை வச்சுட்டு ஷூவைத் துடைக்க ஆரம்பிச்சார். துடைச்ச ஷூவையே திரும்பத் திரும்பத் துடைச்சார். அன்னிலேர்ந்து வீட்ல பேச்சு கம்மி. எனக்கு என்னன்னு தெரியும், அவருக்குத் தெரியாது, அவர் கேக்கவும் மாட்டார். எதிரெதிர்ல உக்காந்து சாப்பிடணும். அந்த அசதிதாங்க எனக்கு இன்னும் போகல.

நேத்து முன் வரிசையில உக்காந்தோம். பேசறப்ப அவ குரல் நடுங்கல. எங்க பக்கம் திரும்பவே இல்ல. முடிச்சதும் கை தட்டறதா வேண்டாமான்னு யாருக்கும் தெரியல. இவர் எழுந்தார். நான் சட்டையைப் பிடிச்சு இழுத்தேன், விடுவிச்சுக்கிட்டுப் போயிட்டார் மைக் பக்கம். விரிசல் இல்லாத இடத்துல மேல் மண்ணு என்ன நிறம்னு கேட்டார். செவப்புதான்னா. மழைன்னா அங்கயும் வெளுத்திருக்கணுமே. நல்லாப் பாத்தியான்னார். பாத்தேன்னா. அப்புறம், நான் சொன்னது தப்பு, என் மேட்டை நம்பி வண்டியை இறக்காதீங்கன்னுட்டு வந்து உக்காந்துட்டார். அவ்வளவுதான். வண்டி அந்தப் பள்ளத்துக்குப் போகுது.

வெளியில வந்தா ஆளாளுக்கு வந்து கையைப் பிடிச்சாங்க, துக்கம் விசாரிக்கற மாதிரி. புதுசா வந்த ஒருத்தர், விவரம் தெரியாது பாவம், அந்தப் பொண்ணுக்கு நெஞ்சழுத்தம் ஜாஸ்திங்கன்னார் என்கிட்ட. ஆமாங்கன்னேன்.

கோவமா? வந்துச்சு. யார் மேல வச்சுக்கறதுன்னுதான் தெரியல.

இல்லீங்க, எங்க ஊர் இந்தப் பக்கம் இல்ல. பொண்ணு வீட்டுக்குப் போயிட்டிருக்கோம். எந்தப் பொண்ணா? எங்களுக்கு ஒண்ணே ஒண்ணுதாங்க. இவ்வளவு நேரம் அவளைப் பத்தித்தானே பேசிட்டிருந்தேன், சொல்லலையா நான்? கூட்டம் முடிஞ்சதும் அப்பா முகத்துல முழிக்க மாட்டாம பக்கத்து வாசல் வழியாப் போயிட்டா. போன் அடிச்சாலும் எடுக்கல. நான் வீட்டுக்குப் போய் விழுந்து படுக்கலாம்னுதான் இருந்தேன். இவர்தான் காலையிலயே போய் டிக்கெட் வாங்கிட்டு வந்து நிக்கறார். ஜெயிச்சுட்டு யாரும் இப்படி ஓடி ஒளிய மாட்டாங்க, அவ ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டா, கிளம்புன்னார்.