ரெண்டு தேதியும் சரிதான்

இல்ல தம்பி, நீங்க எத்தனை தடவை கேட்டாலும் நான் அதையேதான் சொல்லுவேன். ஏழு நாலும் சரி, நாலு ஏழும் சரி. யாரும் எதையும் மாத்தி எழுதல. இந்த வீட்டுல ரெண்டு குழந்தை இருக்கு. உங்க ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல ஒண்ணுதான் இருக்குன்னா கோளாறு அதுலதான். உக்காருங்க முதல்ல. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இதுல உக்காருங்க.

நேத்து கவுண்டர்ல நான் கத்தினேன்னுதானே உங்களை அனுப்பியிருக்காங்க? கத்தினேன். நாளைக்கும் கத்துவேன். சின்னவளைத் தூக்கிக்கிட்டு அவ்வளவு நேரம் வரிசையில நின்னா, இந்த ஊசி ஏற்கெனவே போட்டாச்சேங்கறா அந்தப் பொண்ணு. போட்டது பெரியவளுக்கும்மா, இது சின்னவங்கறேன். இந்த அம்மா பேர்ல ஒரு குழந்தைதானே இருக்குங்கறா. என் தோள்ல கெடந்து வீல் வீல்னு கத்துது, அதைப் பார்த்துக்கிட்டே இல்லேங்கறா!

அதுக்கு முந்தின தடவை இன்னும் மோசம். டாக்டரம்மா என் மகளை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்க. போன தடவை ஏழு கிலோ இருந்த குழந்தை இப்ப அஞ்சு கிலோவா வந்து நிக்குதே, பால் குடுக்கிறியா இல்லையான்னு. பெரியவளைப் போட்ட எடைக்குப் பக்கத்துல சின்னவளைப் போட்டா வேற எப்படி இருக்கும்? இவ வாயே தொறக்காம வந்துட்டா. அவங்கப்பா மாதிரி.

எங்க வீட்டுக்காரரா? ஐயோ, தேதின்னாலே அவர் ஒரு தனிக் கதை. கப்பல் கம்பெனியில இருந்தவர், மாசத்தை முன்னாடி போட்டே பழக்கம். ஒரு தடவை ஜாம் பாட்டில்ல ஒன்பது ரெண்டுன்னு போட்டிருந்துது. பிப்ரவரியோட முடிஞ்சுதுங்க, தூக்கிப் போடுங்கன்னேன். உனக்கென்ன தெரியும், செப்டம்பர் வரைக்கும் தாங்கும்னு என் முன்னாலயே பாதி பாட்டிலை வழிச்சுச் சாப்பிட்டார். ரெண்டு நாளு வயித்தைப் புடிச்சுக்கிட்டு அலைஞ்சார். இன்னைக்கு வரைக்கும் தன் தப்புன்னு ஒத்துக்கல, ஜாமைத்தான் திட்டறார்.

அதனால நீங்க சொல்றது எனக்குப் புரியாம இல்ல. காலையில இருக்கிற நர்ஸ் நாளை முன்னாடி போடுது, மத்தியானம் வர்றது மாசத்தை முன்னாடி போடுது, இன்னொருத்தி வருஷமே போடறதில்ல. பேர் வைக்காத குழந்தைன்னா அம்மா பேர்லதான் ஏத்தறாங்க. ஒரே அம்மா, ஒரே விலாசம், பெண் குழந்தை, நாளும் மாசமும் இடம் மாறிக் கெடக்கு. ஒரே குழந்தையை ரெண்டு தடவை ஏத்திட்டாங்கன்னு நெனைச்சு ரெண்டையும் ஒண்ணாக்கிட்டீங்க. நூத்துக்குத் தொண்ணூத்தொன்பது தடவை அது சரியாத்தான் இருக்கும். கெட்டிக்காரப் புள்ளைதான் நீங்க, இல்லேங்கல. மிச்சம் அந்த ஒண்ணுதான் உள்ள தொட்டில்ல தூங்குது.

எனக்கே பாருங்க, பொறந்த தேதி எங்கம்மாவுக்குத் தெரியாது. நல்ல மழைன்னு மட்டும் சொல்லுவாங்க. பள்ளிக்கூடத்துல வாத்தியார் தனக்குத் தோணினதைப் போட்டு விட்டார். இப்ப வருஷா வருஷம் அந்தத் தேதிக்கு பேங்க்லேர்ந்து வாழ்த்து வருது. எங்க வீட்டுக்காரருக்குக்கூட நெனைப்பிருக்காது, பேங்குக்கு இருக்கு! என் தேதியை நீங்க எப்படி வேணா திருப்பிப் போட்டுக்குங்க, ஒரு வார்த்தை கேக்கமாட்டேன். சின்னவ தேதியில கை வைக்காதீங்க.

என்ன மென்னு முழுங்கறீங்க? கேளுங்க. ஏப்ரல்ல பெத்தவ ஜூலையில எப்படி இன்னொண்ணு பெத்தான்னுதானே? கவுண்டர்லயும் அதைத்தான் கேட்டா, வரிசையில நிக்கிறவங்க அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி. அங்க நான் பதில் சொல்லல. அந்தக் கூட்டத்துக்கு எதுக்குச் சொல்லணும்? நீங்க வீடு தேடி வந்திருக்கீங்க, சொல்றேன்.

பெரியவ இவ பெத்தது. சின்னவ இவ தங்கச்சி பெத்தது. என் சின்ன மக. பெத்தா, முகத்தைப் பார்த்தா, பொழுது சாயறதுக்குள்ள போயிட்டா. அப்பனா? அவன் வந்து எட்டிப் பார்த்தாத்தானே. இவ தன் குழந்தையை என் மடியில போட்டுட்டு அதை எடுத்துப் பால் குடுத்தா. முதல் ஊசிக்குப் போனப்ப அம்மா பேர் என்னன்னு கேட்டாங்க. தன் பேரைச் சொன்னா. பக்கத்துலதான் நின்னேன் நான். வேற யார் பேரைச் சொல்லணும்ங்கறீங்க?

இப்ப கேளுங்க, தேதி நிச்சயமான்னு. ஜூலை நாலு தம்பி. அதை நான் மாத்திச் சொல்லுவேனா?

சரி, சரி, கண்ணைத் தொடைங்க. உங்க கம்ப்யூட்டர் பொட்டியைத் தொறந்து ரெண்டாவதை மறுபடியும் ஏத்துங்க. ஏம்மா, ரெண்டு பேரையும் இங்க தூக்கிட்டு வா. தூங்கினா என்ன, அப்படியே கொண்டா. தம்பி ஒரு தடவை எண்ணிப் பார்த்துக்கட்டும்.