இங்கிலாந்தில் ஒரு கீழத்தெரு

அஜ்மானிலிருந்து துபாய் போகும் பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் பக்கத்திலிருந்தவரிடம், "இங்கிலாந்துல நான் கீழத்தெரு" என்றார்.

"நீங்க தொண்டியில்ல, அண்ணே?"

"போன வருஷம் சமைக்கிறதுக்கு, நான் வேல பாக்குற வீட்டு வெள்ளக்கார மேடம் அவங்க கிராமத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்கப்பா. பழைய சர்ச்சு, அதவிடப் பழைய கல்பாலம். பாலத்துக்கிட்ட வருஷா வருஷம் ரெண்டு கரையும் கயிறு இழுக்கும். தோத்தவன் ஆத்துல விழணும். மேடம் வீடு கிழக்குக் கரை. பாலம் கட்டுனதுலேர்ந்து நாம ஜெயிச்சதே இல்ல."

"பாவம்."

"ஆளாளுக்கு இழுத்தா? நான் ஊர்ல கடக்கரையில நின்னு கரவலை இழுத்தவன். ஐலசா சொல்லிக்குடுத்தேன். மேலத்தெரு மொத்தமும் தண்ணியில. சர்ச்சு மணி அடிச்சாங்க."

"இந்த வருஷம் நீங்க போகலையே."

"மேடம் போயிருக்காங்க. நேத்து போன் வந்துச்சு. மறுபடி நாமதான்."

அவர் சாய்ந்து உட்கார்ந்தார்.

"வெள்ளக்காரன் அத்தன பேரும் ஐலசாவாம்."